ஆப் ஸ்டோர் வழக்குகள்: சந்தைக்கு எல்லை போடுவது யார்?

2020 ஆகஸ்ட் 13. ஐபோனில் ஃபோர்ட்நைட் விளையாடுபவர்கள் அன்றைக்கு விளையாட்டுக் காசு வாங்கப் போனபோது, திரையில் புதிதாக இன்னொரு பொத்தான் முளைத்திருந்தது. ஆப்பிள் வழியாகக் கட்டினால் 9.99 டாலர். ஃபோர்ட்நைட்டைத் தயாரிக்கும் எபிக் கேம்ஸுக்கு நேரடியாகக் கட்டினால் 7.99 டாலர். எப்படிக் கட்டினாலும் கிடைப்பது அதே 1,000 வி-பக்ஸ்தான்.

அந்த இரண்டாவது பொத்தான் ஆப்பிளின் விதிப்படி இருக்கவே கூடாது. அன்றே ஆப்பிள் அந்த விளையாட்டை ஆப் ஸ்டோரிலிருந்து தூக்கியது. கூகுளும் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. எபிக் எதிர்பார்த்ததும் இதைத்தான். இரண்டு நிறுவனங்கள் மீதும் வழக்கு மனுக்களைத் தயாராக எழுதி வைத்திருந்தது, அன்றைக்கே தாக்கல் செய்தது. ஆப்பிளின் பழைய 1984 விளம்பரத்தைக் கிண்டலடிக்கும் ஒரு வீடியோவையும் கையோடு வெளியிட்டது. திட்டமிட்டு இழுத்த வம்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எபிக்கும் அதை மறைக்கவில்லை.

ஒரே நாளில், ஒரே நிறுவனம், ஒரே மாதிரிப் புகாரோடு போட்ட இரண்டு வழக்குகள். ஆப்பிள் மீதான வழக்கில் எபிக் பெரும்பாலும் தோற்றது. கூகுள் மீதான வழக்கில் வென்றது. ஏன் என்று புரிந்துகொண்டால், ஆப் ஸ்டோர் வழக்குகளில் பாதி புரிந்த மாதிரிதான்.

எதற்கு இந்தச் சண்டை?

ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரை 2008 ஜூலையில் திறந்தது. கட்டணச் செயலி ஒன்று விற்றால் 70 சதவீதம் டெவலப்பருக்கு, 30 சதவீதம் ஆப்பிளுக்கு என்பது அன்று போட்ட கணக்கு. செயலிக்குள்ளேயே பொருள் விற்கும் வசதி அடுத்த ஆண்டு வந்தபோது, அதற்கும் அதே 30 சதவீதம் ஒட்டிக்கொண்டது. கூகுளும் ஏறக்குறைய அதே வழியில் போனது. பின்னால் சலுகைகள் வந்தன: ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறு டெவலப்பர்களுக்கு 2021 முதல் ஆப்பிள் 15 சதவீதம்தான் வாங்குகிறது. டாக்சி, உணவு டெலிவரி மாதிரி செயலிக்கு வெளியே கைக்கு வரும் பொருள், சேவைகளுக்குக் கமிஷனே இல்லை. விளையாட்டுக் காசு, பாட்டுச் சந்தா, மின்னூல் போன்ற டிஜிட்டல் சரக்குக்குத்தான் பிடித்தம்.

கமிஷன் கூடுதல் என்பது மட்டும் பிரச்சினை என்றால் அது வெறும் வியாபாரப் பேரம். வழக்காக மாறியது அதைச் சுற்றி அப்போது இருந்த மூன்று விதிகளால். ஐபோனில் ஆப்பிளின் கடையைத் தவிர வேறு கடை இருக்கவில்லை. டிஜிட்டல் சரக்கு விற்றால் ஆப்பிளின் பணம் கட்டும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. மூன்றாவதுதான் எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்: 'எங்கள் இணையதளத்தில் இதே சந்தா குறைந்த விலைக்குக் கிடைக்கும்' என்று செயலிக்குள் சொல்லவே கூடாது என்றிருந்தது. சட்ட வட்டாரத்தில் இதற்கு ஆன்டி-ஸ்டியரிங் விதி என்று பெயர். வாடிக்கையாளருக்கு வேறு வழி காட்டாதே என்பதுதான் அதன் சாரம். மூன்றிலும் சின்னதாகத் தெரியும் இந்த விதிதான் கடைசியில் ஆப்பிளின் காலை வாரியது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கப் போட்டிச் சட்டத்தின் அடித்தளம் 1890இல் வந்த ஷெர்மன் சட்டம். அதில் இரண்டு பிரிவுகள் முக்கியம். முதலாவது, போட்டியை நியாயமில்லாமல் முடக்கும் ஒப்பந்தங்களைத் தடுக்கிறது. இரண்டாவது, ஏகபோகத்தை முறைகேடான வழியில் பிடிப்பதையும் தக்கவைப்பதையும் தடுக்கிறது. இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுவார்கள்: ஏகபோகமாக இருப்பதே அமெரிக்காவில் குற்றம் இல்லை. நல்ல பொருள் செய்து எல்லோரையும் ஓரங்கட்டினால் சட்டம் கேள்வி கேட்காது. விலை அதிகமாக வைத்தால்கூட அதுவே குற்றமாகிவிடாது. போட்டியாளரை உள்ளே வரவிடாமல் என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி.

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஏகபோகம் என்றால் எதில்? ஐபோன் செயலிகளிலா, எல்லா மொபைல் செயலிகளிலா, மொபைல், கம்ப்யூட்டர், கேம் கன்சோல் எல்லாம் சேர்ந்த விளையாட்டுச் சந்தையிலா? எல்லையை இறுக்கிப் போட்டால் எவரும் ஏகபோகம். தளர்த்திப் போட்டால் எவரும் சின்னப் பையன். அதனால்தான் இந்த வழக்குகளில் இரு தரப்புப் பொருளாதார நிபுணர்களும் இந்த ஒரு கேள்வியில் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வார்த்தை விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் பல வழக்குகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

எபிக் சொன்னது: ஐபோனில் செயலி விநியோகம் என்பதே தனிச் சந்தை, அதில் ஆப்பிளின் பங்கு 100 சதவீதம். ஆப்பிள் சொன்னது: விளையாட்டு விற்பனை எல்லாமே ஒரே சந்தை, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் எங்களுக்குப் போட்டி, எங்கள் பங்கு சொற்பம்.

ஒரே பிராண்டின் பொருளைச் சுற்றி ஒரு சந்தை இருக்க முடியுமா? முடியும் என்கிறது 1992இல் வந்த கோடாக் தீர்ப்பு. கோடாக் தன் நகலெடுக்கும் இயந்திரங்களுக்கான உதிரிபாகங்களை வெளியாட்கள் நடத்தும் பழுதுபார்ப்பு நிறுவனங்களுக்குத் தர மறுத்தது. இயந்திரத்தை ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர் எங்கே போவார்? ஆகவே கோடாக் உதிரிபாகங்களும் பழுதுபார்ப்பும் மட்டுமே ஒரு தனிச் சந்தையாக இருக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வாங்கும்போதே இந்தக் கட்டுப்பாடு வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் வாதம் நிற்காது. ஐபோன் மூடிய அமைப்பு என்பது ஊரறிந்த விஷயம். வாங்குபவர்களுக்கு அது தெரியாது என்று எபிக்கால் நிரூபிக்க முடியவில்லை.

ஆப்பிள் தீர்ப்பு

2021 மே மாதம் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் விசாரணை நடந்தது. ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுக்கும் நடுவர் குழு, இல்லை; நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸே தீர்ப்பு எழுதினார். ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக் சாட்சிக் கூண்டில் ஏறினார். அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று வந்த 185 பக்கத் தீர்ப்பு இரண்டு தரப்பு எல்லைகளையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதாக ஒன்றைப் போட்டது: மொபைலில் நடக்கும் டிஜிட்டல் விளையாட்டுப் பரிவர்த்தனைகள். ஏன் விளையாட்டு மட்டும்? ஆப் ஸ்டோர் வருமானத்தில் சுமார் 70 சதவீதம் விளையாட்டுகளிலிருந்து வருகிறது. அதைத் தருபவர்கள் வாடிக்கையாளர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. இந்த விவரம் விசாரணையில் வெளிவந்தது.

அந்தச் சந்தையில் ஆப்பிளின் பங்கு 52 முதல் 57 சதவீதம் வரை. லாப விகிதம் அசாதாரணமாக அதிகம் என்றும் நீதிபதி ஒப்புக்கொண்டார். இருந்தும் ஏகபோகம் என்று சொல்ல இது போதாது, வெற்றி பெறுவது சட்டவிரோதம் அல்ல என்றார். பாதுகாப்புக்காகத்தான் மூடி வைத்திருக்கிறோம் என்ற ஆப்பிளின் விளக்கம் ஏற்கப்பட்டது. அதே பாதுகாப்பைக் குறைந்த கட்டுப்பாட்டோடு தர முடியும் என்று காட்டுவது எபிக்கின் பொறுப்பு. அதை எபிக் செய்யவில்லை. பத்துப் புகார்களில் ஒன்பதில் ஆப்பிளுக்கு வெற்றி. போதாக்குறைக்கு, ஒப்பந்தத்தை மீறியதற்காக எபிக் 36 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது.

மிச்சம் இருந்த அந்தப் பத்தாவது புகார் கலிபோர்னியா மாநிலத்தின் நியாயமற்ற போட்டிச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தச் சட்டத்தின் வலை ஷெர்மன் சட்டத்தைவிட அகலமானது. வெளியே குறைந்த விலை இருப்பதை வாடிக்கையாளரிடமிருந்து மறைப்பது அதன்படி தவறு என்று நீதிபதி கண்டார். செயலிக்குள் வெளி இணைப்பு வைப்பதை ஆப்பிள் இனித் தடுக்கக் கூடாது என்று தடையாணை போட்டார். 2023 ஏப்ரலில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய எல்லாவற்றையும் உறுதி செய்தது. 2024 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இரு தரப்பு மேல்முறையீட்டையும் எடுக்க மறுத்தது.

கூகுள் ஏன் தோற்றது?

ஆண்ட்ராய்டு திறந்த அமைப்பு. வேறு கடை வைக்கலாம், இணையதளத்திலிருந்து நேராகவும் செயலி இறக்கலாம். 2018இல் எபிக்கே அப்படித்தான் ஃபோர்ட்நைட்டை வெளியிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் எச்சரிக்கைத் திரைகள் வந்து பயமுறுத்த, அலுத்துப்போய் 2020 ஏப்ரலில் பிளே ஸ்டோருக்குள் வந்தது. பார்த்தால் ஆப்பிளைவிட கூகுள்தான் தாராளம். பிறகு எப்படி?

தாராளமாக இருந்ததுதான் வினை. ஆப்பிள் யாருக்கும் பணம் கொடுத்துப் போட்டியை ஒதுக்க வேண்டிய அவசியம் இல்லை; போனும் அதனுடையது, மென்பொருளும் அதனுடையது, கடையும் அதனுடையது. கூகுளின் நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு போன்களைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன, எவரும் போட்டிக் கடை தொடங்கலாம். அதைத் தடுக்க ஒப்பந்தம் தேவை. ஒப்பந்தம் போட்டால் காகிதத்தில் தடயம் இருக்கும். போட்டிக் கடைகளை முன்கூட்டியே போனில் ஏற்றக் கூடாது என்று ஒப்புக்கொண்ட போன் தயாரிப்பாளர்களுக்கு கூகுள் வருமானத்தில் பங்கு கொடுத்தது. பெரிய விளையாட்டு நிறுவனங்கள் பிளே ஸ்டோரை விட்டுப் போகாமல் இருக்க 'புராஜெக்ட் ஹக்' என்ற பெயரில் பல கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகளை அள்ளிக் கொடுத்தது. ஸ்பாட்டிஃபைக்குத் தனி ஏற்பாடு: சொந்தமாகப் பணம் வாங்கினால் கமிஷன் இல்லை, கூகுள் வழியாக என்றால் 4 சதவீதம். இவை எல்லாம் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அப்புறம் அந்த சாட் விவகாரம். வழக்கு நடக்கும்போது ஆதாரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. கூகுள் ஊழியர்களின் உள்அரட்டைகளோ தானாக அழிந்துகொண்டிருந்தன. அழிந்தவை கூகுளுக்கு எதிரானவையாக இருந்திருக்கும் என்று ஜூரி கருதிக்கொள்ளலாம் என்றார் நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ. 2023 டிசம்பர் 11 அன்று ஜூரி கூடிப் பேச நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாக் கேள்விகளிலும் ஒருமனதாக எபிக் பக்கம் நின்றது. ஆண்ட்ராய்டில் செயலி விநியோகம் ஒரு தனிச் சந்தை, அதில் கூகுள் ஏகபோகம் என்பதும் அதில் அடங்கும்.

கூகுள் மேல்முறையீட்டில் வைத்த வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆப்பிள் வழக்கில் எபிக் தோற்றபோது, மொபைல் விளையாட்டுப் பரிவர்த்தனைதான் சந்தை, ஆப்பிளும் கூகுளும் அதில் போட்டியாளர்கள் என்று முடிவாகிவிட்டது. இப்போது ஆண்ட்ராய்டு மட்டும் தனிச் சந்தை என்று எபிக் எப்படிச் சொல்லலாம்? 2025 ஜூலை 31 அன்று ஒன்பதாவது சர்க்யூட் இதை ஏற்கவில்லை. சந்தையின் எல்லை அந்தந்த நிறுவனம் நிஜத்தில் எப்படி வியாபாரம் செய்கிறது என்பதைப் பொறுத்தது, இரண்டும் வெவ்வேறு என்றது. ஜூரிக்கும் நீதிபதிக்கும் உள்ள வித்தியாசமும் இதில் உண்டு என்பது என் எண்ணம். வரையறைகளில் நீதிபதி நூல் பிடித்துப் போவார். ரகசிய ஒப்பந்தமும் அழிந்த அரட்டையும் ஜூரியின் மனதில் ஆழமாகப் பதியும்.

தீர்ப்பு வந்த பிறகு நடந்தது

தோற்ற நிறுவனம் உத்தரவுக்கு எப்படிக் கீழ்ப்படிகிறது என்பது தனிக் கதை. என்னைக் கேட்டால் மொத்த விவகாரத்திலும் இதுதான் பாடம் நிறைந்த பகுதி.

வெளி இணைப்பைத் தடுக்கக் கூடாது என்பதுதானே தடையாணை? சரி என்றது ஆப்பிள். இணைப்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த இணைப்பைத் தட்டி ஏழு நாளுக்குள் வெளியே எது வாங்கினாலும் 27 சதவீதம் கமிஷன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆப்பிளுக்கு 27 போக, கார்டு பரிவர்த்தனைச் செலவு சுமார் 3. கூட்டினால் பழைய 30 வந்துவிடுகிறது. விலையைக் குறைக்க டெவலப்பருக்கு இடமே இல்லை. அதோடு, இணைப்பைப் பொத்தான் மாதிரி அழகாகக் காட்டக் கூடாது, வெறும் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தட்டினால் முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு ஓர் எச்சரிக்கை எழும்: நீங்கள் வெளி இணையதளத்துக்குப் போகிறீர்கள், அங்கே நடப்பதற்கு ஆப்பிள் பொறுப்பல்ல என்கிற பாணியில். 2024 மே வரை, சுமார் 1,36,000 டெவலப்பர்களில் இந்த ஏற்பாட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 34 பேர்.

எபிக் மறுபடி நீதிமன்றம் போனது. நீதிபதி ஆப்பிளின் உள் ஆவணங்களைக் கேட்டார். பலவற்றை வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் என்று சொல்லி ஆப்பிள் இழுத்தடித்தது. கடைசியில் வெளியே வந்தவை சங்கடமானவை. எச்சரிக்கைத் திரையின் வாசகம் பயமுறுத்தும்படி ஒலிக்கிறது, மேலதிகாரிகளுக்குப் பிடிக்கும் என்று ஊழியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆப் ஸ்டோர் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபில் ஷில்லர் இந்தக் கமிஷனே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்; அவர் பேச்சு எடுபடவில்லை. கமிஷன் எவ்வளவு என்பதை 2024 ஜனவரி 16 வரை முடிவு செய்யவே இல்லை என்று நிதிப் பிரிவுத் துணைத் தலைவர் ஒருவர் பிரமாணத்தின் பேரில் சாட்சி சொல்லியிருந்தார். ஆவணங்களின்படி, முக்கிய முடிவுகள் 2023 ஜூலையிலேயே எடுக்கப்பட்டிருந்தன.

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதி ரோஜர்ஸ் பொரிந்து தள்ளிவிட்டார். ஆப்பிள் வேண்டுமென்றே உத்தரவை மீறியது, இது நீதிமன்ற அவமதிப்பு, அந்தத் துணைத் தலைவர் பிரமாணத்தின் பேரில் பொய் சொன்னார் என்று எழுதினார். இது தடையாணை, பேரம் பேசும் மேசை அல்ல என்பது அவர் வாக்கியத்தின் சாரம். குற்றவியல் அவமதிப்பாக விசாரிக்கலாமா என்று பார்க்க விவகாரத்தை அரசு வழக்கறிஞருக்கு அனுப்பினார். வெளி இணைப்பு வழி விற்பனைக்கு இனி ஒரு காசும் வாங்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார். விளைவு உடனே தெரிந்தது: கிண்டில் செயலியில் புத்தகம் வாங்கும் பொத்தான் வந்தது, மே 20 அன்று ஃபோர்ட்நைட் அமெரிக்க ஆப் ஸ்டோருக்குத் திரும்பியது. 2021இல் ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்ற கட்சி, அந்த ஒன்றை வைத்தே இதைச் சாதித்தது.

கூகுளுக்கும் கடுமையான உத்தரவுதான். 2024 அக்டோபரில் டொனாட்டோ போட்டது மூன்றாண்டுக்கானது. பிளே ஸ்டோருக்குள்ளேயே போட்டிக் கடைகளை இறக்க இடம் தர வேண்டும், தன் செயலிப் பட்டியலை அந்தக் கடைகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் இதை நிறுத்தி வைக்க மறுத்தது. அடுத்த மாதமே எபிக்கும் கூகுளும் சேர்ந்து ஒரு சமரசத் திட்டத்தை நீதிபதியிடம் கொண்டுபோயின.

மற்ற நாடுகள்

தென் கொரியா 2021லேயே, கடைக்காரர் தன் பணம் கட்டும் முறையைத் திணிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை வரையும் சண்டையே வேண்டாம் என்று, பெரிய தளங்களுக்குச் செய்ய வேண்டியது, கூடாதது என்ற பட்டியலைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். டிஜிட்டல் சந்தைகள் சட்டம் என்ற அதன் கீழ், வேறு வழி காட்டவிடாமல் தடுத்ததற்காக ஆப்பிளுக்கு 2025 ஏப்ரலில் 50 கோடி யூரோ அபராதம். இந்தியாவில் போட்டி ஆணையம் பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216.69 கோடியாகக் குறைத்தது.

வழக்குப் போட யாருக்கு உரிமை என்பதிலும் ஒரு தனிச் சண்டை நடந்தது. கமிஷன் கட்டுவது டெவலப்பர், ஆகவே போன் வாங்கியவர் எங்கள் மீது வழக்குப் போட முடியாது என்று ஆப்பிள் வாதாடியது. 2019 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. செயலியை நேரடியாக ஆப்பிளிடம்தான் மக்கள் வாங்குகிறார்கள், ஆகவே அவர்களும் கேட்கலாம் என்பது தீர்ப்பு.

ஆப்பிள்-எபிக் வழக்கில் கடைசியில் வந்து நின்ற கேள்வி பழைய எல்லைக் கேள்வி இல்லை. 2025 டிசம்பரில் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்ற அவமதிப்பு முடிவை உறுதி செய்தது. ஆனால் வெளி இணைப்பு விற்பனைக்கு எப்போதும் பூஜ்யம்தான் என்பது தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது, ஆப்பிள் நியாயமான ஏதோ ஒன்றை வாங்கலாம் என்று கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. இணைப்பை இயக்க உண்மையிலேயே ஆகும் செலவும், ஆப்பிளின் அறிவுசார் சொத்தைப் பயன்படுத்துவதற்கான ஓரளவு ஈடும் அதில் சேரலாம். 30 சதவீதத்துக்கு எப்போதும் காரணமாகச் சொல்லப்பட்டு வந்த பாதுகாப்புச் செலவை இதில் சேர்க்கக் கூடாது. அப்படிப் போட்டால் எத்தனை சதவீதம் வரும் என்று கணக்கிடும் வேலை அந்தத் தீர்ப்பால் நீதிபதி ரோஜர்ஸிடம் போனது.